பழைய ஆக்சில் வாங்கும் முன்: கேள்வி பதில்

ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டும் பழைய கார்) கட்ட இறங்கியிருக்கும் நண்பர்களின் கேள்விகள் இவை. பெரும்பாலும் 1928 முதல் 1948 வரையிலான ஃபோர்டு பற்றியவை, அப்புறம் அதன் அடியில் மாட்டும் பிற்காலப் பின் ஆக்சில்கள்.

அண்ணா, டெக்சாஸில் ஒரு பழைய சாமான் சந்தையில் ஃபோர்டு முன் ஆக்சில் வந்திருக்கிறது. எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விஷ்போனும் (ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்கும் ‘V’ வடிவக் கம்பி) ஸ்பிரிங்கும் கூடவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. குறுக்கு ஸ்பிரிங் ஆக்சிலுக்கு நேர் மேலே இருந்தால் 1934 வரைக்குமானது. முன்னால் தள்ளி இருந்தால் 1935 அல்லது அதற்குப் பிந்தையது. வெறும் ஆக்சில் என்றால் விற்பவர் சொல்லும் வருஷத்தை நம்ப வேண்டாம். விஷ்போன் கவ்வும் இடத்தின் தடிமன் எல்லா வருஷத்துக்கும் ஒன்றல்ல. உங்கள் விஷ்போனின் வாயை அளந்துகொண்டு போய் ஒப்பிடுங்கள்.

ஸ்பிண்டிலும் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) ஒட்டியே வந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் 1937–41. ஹைட்ராலிக் பிரேக் மாட்ட நினைப்பவர்கள் இதைத்தான் தேடி அலைகிறார்கள். ஃபோர்டு அந்த பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில்.

வி8-60இன் குழாய் ஆக்சில் ஒன்று கையில் இருக்கிறது. விஷ்போனை இரண்டாகப் பிளந்து சேஸிஸ் ஓரத்தில் மாட்டலாமா சார்?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஃபோர்டின் மூல அமைப்பில் விஷ்போனின் இரண்டு கைகளும் நடுவில் ஒரே உருண்டை மூட்டில் சேரும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்சிலும் விஷ்போனும் சேர்ந்து அந்த மூட்டில் சாயும். ஆக்சிலுக்கு முறுக்கு விழாது. அதனால்தான் 60 குதிரைசக்தி சின்ன வி8 கார்களில் குழாய் ஆக்சில் நிம்மதியாக ஓடியது.

கைகளைப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் மாட்டியதும் கதை மாறிவிடும். ஒரு சக்கரம் ஏறும்போது அந்தக் கை ஒரு கோணத்தில் சுழலும், மற்றது அப்படியே இருக்கும். இடையில் மாட்டிய ஆக்சில் முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஐ-பீம், அதாவது வெட்டினால் ‘I’ வடிவம் தெரியும் ஆக்சில், அதற்கு வளைந்து கொடுக்கும். குழாய் கொடுக்காது, விசை முழுவதும் மூட்டுகளிலும் பிராக்கெட் வெல்டிங்கிலும் போய் உட்காரும். குழாய்தான் அழகு என்றால் பக்கத்துக்கு இரண்டாக ஆக்சிலைப் பிடிக்கும் நான்கு கம்பி அமைப்புக்குப் போங்கள். பிளந்த விஷ்போன்தான் வேண்டும் என்றால் ஐ-பீம் வாங்குங்கள். காட்சிக்கு நிற்கும் சில கார்களில் இந்தத் தப்பான ஜோடி மினுமினுவென்று குரோம் பூசி நிற்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

குரோம் பூசலாமா?

பூசலாம். ஆனால் பூச்சின்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கக்கூடும். பூசியதும் சூளையில் வைத்துச் சூடேற்றுவார்களா என்று பட்டறையில் கேளுங்கள். பூச்சுக்கு முன்னால் மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசலைக் காட்டும்) சோதனை அவசியம். காயலாங்கடையில் புதுப் பெயின்ட் அடித்த ஆக்சிலைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். துருப்பிடித்தது எதையும் மறைக்காது.

பின்னால் இருப்பது ஃபோர்டு 9 இன்ச்சா 8 இன்ச்சா என்று காரின் அடியில் படுத்தபடியே சொல்ல முடியுமா?

முடியும். இந்த இன்ச் கணக்கு உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம். இரண்டுக்குமே பின்பக்க மூடி கிடையாது, கிரவுன் பினியன் முன்பக்கமாகத்தான் கழன்று வரும். அடியில் இருக்கும் நட்டுகளில் சாக்கெட்டை நேராகப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் உட்கார்ந்தால் 8 இன்ச். கீழ் நட்டுகளில் இடம் பத்தாமல் ஸ்பேனர்தான் போகிறது என்றால் 9 இன்ச். 1957 முதல் 1986 வரை வந்தது அது. கேஸின் முகப்பில் பெரிய ‘என்’ எழுத்து வார்க்கப்பட்டிருந்தால் விடாதீர்கள், உறுதியான நாடுலர் வார்ப்பு.

கழற்றாமல் பின் ஆக்சிலின் ரேஷியோ (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று) தெரிய வேண்டும்.

பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றவும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. மூன்றரைக்குச் சற்று மேலே என்றால் அநேகமாக 39க்கு 11 பல், அதாவது 3.55.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 இன்ச் பின் ஆக்சில் மலிவாகக் கிடைக்கிறது. லாபமா?

1995–2001 வண்டியுடையது என்றால் லாபம்தான்: 31 ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையின் பற்கள்), டிஸ்க் பிரேக். பினியன் நடுவில் இருக்காது; டிரைவர் பக்கத்து நீளக் குழாயை வெட்டிச் சுருக்கி, வலப்பக்கத்து ஆக்சில் ஷாஃப்ட் இன்னொன்று வாங்கிப் போட்டால் நடுவுக்கு வந்துவிடும். சக்கர போல்ட் வட்டம் 4.5 அங்குலம். முன்னால் 1940–48 ஃபோர்டு ஹப் என்றால் அது 5.5 அங்குலம், ஸ்டெப்னி ஒன்று போதாது.

பழைய ஃபோர்டின் பேன்ஜோ பின் ஆக்சிலில் ஹப் கழல மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

ஷாஃப்ட் முனையைத் தட்டினால் மரை கெடும், பேரிங்கும் அடிவாங்கும். அது கூம்பு வடிவ ஷாஃப்ட், சாவிக்கட்டையோடு இறுகியிருக்கும். டிரம் விளிம்பைப் பிடித்து இழுத்தாலும் டிரம் கோணிவிடும். ஹப்பையே கவ்வும் புல்லர் வாங்குங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டுவையுங்கள், இல்லையென்றால் விடுபடும்போது ஹப் துள்ளி வந்து விழும். புல்லரை இறுக்கி ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் பல சமயம் காலையில் தானே விட்டிருக்கும்.