சேலம் கிளம்பும் முன் வாட்டர் பம்ப்பைப் பாருங்கள்

பெங்களூரு கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "2015 ஸ்விஃப்ட் டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு சார். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் வாராவாரம் ஒரு விரல் அளவு இறங்குது. ஒரு மெக்கானிக் வாட்டர் பம்ப்பை மாத்தணும்னு சொல்றார், இன்னொருத்தர் தண்ணி ஊத்தி ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாதுங்கிறார். அடுத்த வாரம் அம்மா அப்பாவைக் கூட்டிட்டு சேலம் போகணும். யார் சொல்றதைக் கேக்கிறது?"

இரண்டு பேரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் அந்தக் கூலன்ட் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடுவது மூடிய பாதையில், அதைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் மாதக்கணக்கில் அளவு அப்படியே நிற்கும். வாராவாரம் இறங்குகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது இன்ஜினுக்குள் போகிறது. அது தெரியாமல் சேலம் போகாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் அந்தப் பாதைதான். பெங்களூரு 900 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. போகும்போது பெரும்பாலும் இறக்கம், இன்ஜினுக்குச் சுமை குறைவு, வண்டி எதையும் காட்டிக்கொடுக்காது. திரும்பும்போது தொப்பூர் ஏற்றம், அப்புறம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை மறுபடி ஏற்றம், ஏசி வேறு, நாலு பேர், டிக்கி நிறைய மூட்டை. பலவீனமான பம்ப் கைவிடுவது அங்கேதான், அதுவும் வயதானவர்கள் வண்டிக்குள் இருக்கும்போது.

சரி, நீங்களே என்ன பார்க்கலாம்? ராத்திரி வண்டிக்கு அடியில், இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஏசி தண்ணீர் நிறமில்லாமல் காய்ந்துபோகும், கூலன்ட் நிறத்தோடு பிசுபிசுப்பாக இருக்கும். பிறகு இன்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பம்ப்பைப் பாருங்கள். அதன் உடம்பில் வீப் ஹோல் என்று ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் இறங்காமல் வெளியே வந்து நமக்குத் தெரியட்டும் என்றே வைத்த ஓட்டை அது. லேசான கறை இருந்தால் பயப்பட வேண்டாம். அங்கிருந்து கீழ்நோக்கி உப்புப் படிந்தது போலக் கோடு ஓடியிருந்தால் சீல் போய்விட்டது, பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூலன்ட் பேரிங்கில் ஏறி, பேரிங் இறுகி, பெல்ட்டும் அறுந்து நடுரோட்டில் நிற்பீர்கள்.

பம்ப் காய்ந்து சுத்தமாக இருந்தால் ரேடியேட்டர், ஹோஸ் மூட்டுகள், ஹீட்டர் பக்கம் முன்சீட்டில் கால் வைக்கும் இடத்து மேட் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காபி போல இருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படியானால் பிரச்சினை இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில் இருக்கலாம், பம்ப் மாற்றிப் பயனில்லை.

இன்ஜின் சூடு எப்போது ஏறுகிறது என்பதும் ஒரு துப்பு. சில்க் போர்டு நெரிசலில் ஏறி, ஓசூர் ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகியுங்கள். வேகமாகப் போகும்போதும் ஏற்றத்திலும் ஏறினால் பம்ப், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், அடைத்த ரேடியேட்டர் என்று போக வேண்டும்.

இப்போது "தண்ணி ஊத்தி ஓட்டுங்க" விஷயம். இந்த ஊர் போர்வெல் தண்ணீர் கெட்டிலில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அதே மாதிரிதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து இருக்கிறது. தண்ணீர் சேரச் சேர அது நீர்த்து, பம்ப்பின் இறக்கைகள் அரிக்கப்படும், சீலும் தேயும். கொதிநிலையும் இறங்கும், பெங்களூரு உயரத்தில் வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து அதை உயர்த்துவது கூலன்ட் ஊற்றும் இடத்தில் இருக்கும் மூடிதான். மூடியின் ரப்பர் தளர்ந்தால் பம்ப்புக்குள் குமிழி உண்டாகி இறக்கையைக் கொத்தித் தின்னும். பம்ப் மாற்றும்போது மூடியையும் மாற்றுங்கள், அதிகச் செலவில்லை.

உங்கள் வண்டியில் ஒரு நல்ல விஷயம், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது பெல்ட் அல்ல, டைமிங் செயின். பம்ப் வெளியே இருக்கும் பெல்ட்டில் ஓடுகிறது. வெடிப்பு தெரிந்தால் அந்தப் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடலாம். டஸ்டர் டீசல், போலோ டீசல் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவற்றில் டைமிங் பெல்ட்டே பம்ப்பையும் சுழற்றுகிறது, எனவே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒரே வேலையாக முடிப்பதுதான் சரி. பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்குவதானால் பழைய பம்ப்பைக் கையோடு கொண்டுபோங்கள். போல்ட் ஓட்டைகளும் இறக்கையின் அளவும் பொருந்த வேண்டும். புல்லியைக் கையால் சுற்றினால் கரகரப்போ ஆட்டமோ இருக்கக்கூடாது. மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதன் மேலேயே சிலிக்கான் பூசுவது குறுக்குவழி. பிதுங்கி உள்ளே போனது ரேடியேட்டரை அடைக்கும். கம்பெனி சொல்லும் கூலன்ட்டையே ஊற்றுங்கள், கலந்து ஊற்ற வேண்டிய வகையென்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் கூலன்ட்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, "புதுப் பம்ப் போட்டும் சூடாகுது" என்று திரும்பி வருபவர்கள் நிறைய.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்ற விடாதீர்கள். அது இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

வேலையைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்பே முடித்துவிட்டு எலக்ட்ரானிக் சிட்டி வரை ஒரு முறை போய் வாருங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கிளம்பும் நாள் காலையிலும் அளவு அந்தக் கோட்டிலேயே நின்றால் அப்பா அம்மாவை ஏற்றிக்கொள்ளுங்கள், இறங்கியிருந்தால் ரயிலில் போங்கள்.