மண் ஈரமாக இருந்தும் மிளகாய்ச் செடி வாடுவது ஏன்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ஏக்கரில் முண்டு மிளகாய் போட்டிருக்கிறேன். மழை தள்ளிப்போனதால் போர் தண்ணீர் பாய்ச்சுகிறேன். வாயில் வைத்தால் சற்றுக் கரிக்கும். நான்கு நாள்களுக்கு முன் செடிக்கு ஒரு பிடி வீதம் தூரிலேயே யூரியா வைத்துத் தண்ணீர் விட்டேன். இப்போது மண் ஈரமாக இருந்தும் செடிகள் வெயிலில் துவள்கின்றன; இலை ஓரம் கருகுகிறது. இன்னும் தண்ணீர் விடலாமா? ஜிப்சம் போட்டால் சரியாகும் என்கிறார்கள், போடலாமா?

பதில்: தாங்கள் எழுதியுள்ள அறிகுறிகளைப் பார்த்தால், செடியைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதை வேரால் இழுக்க முடியவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. நார்த்தங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே மறுநாள் அடியில் நீர் தேங்கி நிற்பதைத் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அது காயின் செல்களுக்குள் இருந்த நீர். ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு நீரை எளிதில் விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. ஆகவே கரைபொருள் எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் நீர் நகர்கிறது. இதுவே சவ்வூடு பரவல். வேர்த்தூவியின் உட்பகுதி மண்நீரைவிடச் செறிவாக இருக்கும்வரைதான் செடி நீர் குடிக்கும். மண்நீர் செறிந்துவிட்டால் வேரிலிருந்தே நீர் வெளியேறும்.

இருபது கிராம் யூரியா ஒரு லிட்டர் மண்நீரில் கரைந்தால், அதன் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 8 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாகும். பெரும்பாலான பயிர்கள் சுமார் 15 வளிமண்டல அழுத்த அளவில் மீள முடியாமல் வாடிவிடும் என்பதோடு ஒப்பிட்டால், ஒரு பிடி யூரியா தூரிலேயே கிடப்பது எவ்வளவு பெரிய சுமை என்பது விளங்கும். உப்பு நீரின் சுமையும் அதன்மேல் ஏறுகிறது. மண் காயக் காய நீர் குறைந்து, உப்பு மட்டும் அப்படியே தங்குவதால் செறிவு இன்னும் கூடுகிறது.

யூரியா செய்யும் கேடு இதோடு முடிவதில்லை. மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி சில நாள்களிலேயே அதை அம்மோனியமாக மாற்றும். அப்போது அந்த இடத்தில் காரத்தன்மை ஏறி, ஒரு பகுதி அம்மோனியாவாகிறது. மின்னேற்றம் உள்ள பொட்டாசியம், நைட்ரேட் போன்றவை சவ்வில் பதிந்துள்ள புரதக் கதவுகள் வழியாக மட்டுமே நுழைய முடியும். மின்னேற்றம் இல்லாத அம்மோனியாவோ கதவைத் தேடாமல் சவ்வின் கொழுப்புப் படலத்தையே ஊடுருவிச் சென்று வேர் நுனியைக் கருக்கிவிடும். உப்பு நீரிலுள்ள சோடியத்துக்கு இன்னொரு வழி உண்டு: அது பொட்டாசியத்தைப் போலவே இருப்பதால், ஆளை அவ்வளவாகப் பார்க்காத சில கதவுகள் வழியே உள்ளே வந்துவிடுகிறது. அது நீரோடு மேலேறி இலை ஓரத்தில் சேர்வதாலும் அந்தக் கருகல் வரக்கூடும். (நீருக்கும் இப்படித் தனிக் கதவுகள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேயும், பொட்டாசியக் கதவின் அமைப்பை விளக்கிய ராடரிக் மெக்கின்னனும் 2003ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.)

முதலில், வாடல் நோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை மட்டும் படும்படி சில நிமிடங்கள் பிடியுங்கள். பால் போன்ற வெண்ணிற இழைகள் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு இந்தப் பதில் பொருந்தாது. இழை இறங்காமல், வேர் நுனிகள் பழுப்பாக இருந்து, மாலையில் செடி நிமிர்கிறது என்றால், காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

கண்ணில் படும் யூரியாக் குருணைகளை மண்ணோடு அள்ளி அகற்றிவிட்டு, ஊருணியிலோ பண்ணைக்குட்டையிலோ நல்ல நீர் கிடைத்தால், அதைக் கொண்டு ஒருமுறை நன்றாக நனைத்து, உப்பை வேர்ப்பகுதிக்குக் கீழே இறக்குங்கள். ஆனால் நீரைத் தேக்கி வைக்காதீர்கள். சத்துகளைச் செறிவுக்கு எதிராக உள்ளே இழுக்க வேர் ஆற்றல் செலவிடுகிறது. மூச்சுவிடக் காற்று இல்லாத வேருக்கு அந்த ஆற்றல் கிடைக்காது. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், மண் காய்ந்து உப்புச் செறிவு ஏறாதபடி, சிறு அளவில் அடிக்கடி, முடிந்தால் சொட்டு நீராக விடுங்கள். புதிய துளிர் வரும்வரை எந்த உரமும் இலைத்தெளிப்பும் வேண்டாம். அடுத்த முறை யூரியாவைப் பிரித்து, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இட்டு மண் அணையுங்கள்.

ஜிப்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதை நான் ஏற்கமாட்டேன். சோடியம் மண் துகளில் ஒட்டிய களர் நிலத்தில், அதன் கால்சியம் சோடியத்தைப் பெயர்த்தெடுக்கும். கரையும் உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலத்திலோ அதுவும் ஓர் உப்பாகவே சேரும். அங்கே நல்ல நீரும் வடிகாலுமே மருந்து. மிளகாய்க்கு மண் சாற்றின் மின்கடத்துதிறன் (கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது) மீட்டருக்கு 1.5 டெசிசைமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். எனவே மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய பாட்டிலில் தண்ணீரும், வயலில் நாலைந்து இடங்களில் எடுத்த மண்ணும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மின்கடத்துதிறனோடு கார அமில நிலையையும் கேட்டு வாங்குங்கள். கார அமில நிலை 8.5க்கு மேல் வந்தால் ஜிப்சத்தின் அளவை அங்கேயே கணக்கிட்டுத் தருவார்கள்.