மே மாதம் தீர்த்தன் ஆற்றில் டிரவுட் மாட்டுமா?

கேள்வி: மே இரண்டாவது வாரம் குடும்பத்தோடு இமாசலம் போகிறோம். தீர்த்தன் பள்ளத்தாக்கில் இரண்டு நாள் தங்கல். டிரவுட் (குளிர்ந்த மலையாற்று மீன்) பிடிக்க ஃபிளை ராடு (பூச்சி போலக் கட்டிய ஃபிளையை வீசும் தூண்டில் கோல்) வாங்கி மூக்கனேரிக் கரையில் வீசிப் பழகியிருக்கிறேன். அந்தச் சமயம் பனி உருகி ஆறு கலங்கி ஓடும், ஒன்றும் கிடைக்காது என்கிறார் நண்பர். பயணத்தைத் தள்ளிப்போடலாமா?
- வாசகர், அழகாபுரம், சேலம்

பதில்: தள்ளிப்போட வேண்டாம். ஆற்றில் நிற்கும் நேரத்தைச் சரியாகப் பிடித்தால் போதும்.

நமக்குப் பழகிய வெள்ளம் மழை வெள்ளம். குடகில் கொட்டினால் மேட்டூருக்குப் புதுத்தண்ணீர் வரும். அதற்குப் பகல், இரவு கிடையாது. பனித்தண்ணீர் வெயிலுக்குக் கட்டுப்பட்டது. பகலில் மேலே உருகுவது சில மணி நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும். இரவுக் குளிரில் உருகல் அடங்கும். அதனால் மலையை ஒட்டிய பகுதியில் ஆறு மாலையில் ஏறி, விடியலில் இறங்கியிருக்கும். கீழே போகப் போக அந்த ஏற்றம் இரவுக்குத் தள்ளிப்போகும். போய்ச் சேர்ந்த அன்றே தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அவ்வப்போது பாருங்கள். நீங்கள் தங்கும் இடத்தின் கணக்கு பிடிபட்டுவிடும்.

அதற்காக விடிந்ததும் ஓடவும் வேண்டாம். அப்போது தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும். 4, 5 டிகிரியில் டிரவுட் மந்தமாகக் கிடக்கும். 10 டிகிரியைத் தாண்டினால்தான் சுறுசுறுப்பாக இரை எடுக்கும். வெயில் பட்டு ஆறு கொஞ்சம் சூடேறிய பிறகு, அன்றைய உருகுநீர் வந்து சேர்வதற்கு முன்பு ஓர் இடைவெளி கிடைக்கும். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து நண்பகல் வரை. மேகம் மூடிய நாள் அமைந்தால் முகம் சுளிக்காதீர்கள். இரண்டு நாள் வெயில் மங்கினாலே ஆறு இறங்கித் தெளியும். பனிமேல் மழை விழுந்தால் மட்டும் ராடு பையிலேயே இருக்கட்டும்.

முழங்கால் ஆழத்தில் பாதம் மங்கலாகத் தெரிந்தாலே தூண்டில் போடலாம். டீ நிறத்தில் ஓடினால் பக்கவாட்டில் வந்து சேரும் தெளிந்த ஓடையைத் தேடுங்கள். கலங்கலும் தெளிவும் சேரும் கோட்டில் மீன் நிற்கும். இழுப்பு கூடும்போது டிரவுட் நடு ஆற்றில் மல்லுக்கட்டாது. பாறைக்குப் பின்னால், வளைவின் உள்பக்கம், கரையோரம் என ஒதுங்கிவிடும். புதிதாக வருபவர்கள் நேரே தண்ணீரில் இறங்கி, காலடியில் இருந்த மீனை விரட்டிவிட்டு, எட்டாத நடு ஆற்றுக்கு வீசுகிறார்கள்! முதல் பத்து வீச்சு கரையில் நின்றபடியே, 15, 20 அடிக்குள் போடுங்கள்.

தண்ணீரின் மேல் மிதக்கும் ஃபிளையை இப்போது மீன் பார்ப்பதே அரிது. அடியில் உருண்டு போகும் எடையுள்ள நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கட்டிய ஃபிளை) வேண்டும்: கறுப்பு அல்லது கரும்பழுப்பு, 8 அல்லது 10 எண் கொக்கி. எடை போதாவிட்டால் ஒரு சின்ன ஈயக்குண்டு சேருங்கள். கலங்கலில் மீனுக்குத் தங்கூசி தெரியாது என்பதால், லீடரை (ஃபிளை கட்டும் நுனித் தங்கூசியை) சற்றுத் தடித்ததாக, 6, 7 அடிக்குச் சுருக்கிக் கட்டலாம்.

உரிமம் மாநில மீன்வளத் துறையிடம் வாங்க வேண்டும். எந்தப் பகுதியில் அனுமதி என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட்டுக்குத் தடைக்காலம். மே மாதம் சிக்கல் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காலையில் எளிதாகக் கடந்த இடத்தில் மதியம் திரும்ப முடியாமல் போகும். அக்கரைக்குப் போகவே போகாதீர்கள். வாய்க்காலில் நீந்திப் பழகிய தைரியம் அந்தக் குளிரில் உதவாது. கை கால் சில நிமிடங்களில் மரத்துவிடும். தீர்த்தன், லார்ஜி அருகே பியாஸ் ஆற்றில் கலக்கிறது. அங்குள்ள அணைக்குக் கீழே 2014 ஜூன் 8 அன்று, திறந்துவிட்ட தண்ணீர் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த 24 மாணவர்களை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பகுதியில் படம் எடுக்கக்கூட ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். நீங்கள் மீன் பிடிக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கரைமேட்டில் இருக்கட்டும்.