வீட்டிலேயே கிச்சன் கேபினெட்: கேள்வி பதில்

சிங்க் அடியில் வைக்கும் பெட்டிக்குச் சாதா கமர்ஷியல் பிளைவுட்டே போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கமர்ஷியல் என்று விற்பது எம்.ஆர். ரகம். ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. அங்கே கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகம்தான் போட வேண்டும். பலகையில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதன் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள்.

நல்ல பலகை வாங்கியதோடு வேலை முடியாது. தண்ணீர் பெரும்பாலும் அறுத்த ஓரம் வழியாகத்தான் உள்ளே போகும். முன்பக்கம் அழகாக எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டிவிட்டு, சுவரோரத்தையும் குழாய்க்குப் போட்ட ஓட்டையையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். முதலில் ஊறுவது அந்த இடம்தான். பொருத்துவதற்கு முன்பே அந்த ஓரங்களுக்கு இரண்டு கை பிரைமர் அடியுங்கள். ஓட்டையைச் சுற்றி சிலிகான் வையுங்கள். தரை கழுவும் வீடு என்றால் பெட்டியைத் தரையில் உட்கார வைக்காமல் 4 அங்குல பிவிசி கால்களில் நிறுத்துங்கள்.

டிராயர் பாதியிலேயே இறுகி நிற்கிறது. அது ஓடும் சேனல் மட்டமான சரக்கா?

சேனலைக் குறை சொல்லும் முன் அளவைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று நீளும் டெலஸ்கோபிக் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் இடம் வேண்டும். பெட்டியின் உள் அகலம் 450 மி.மீ. என்றால் டிராயரின் வெளி அகலம் 424க்கு மேல் போகக் கூடாது. உள் அகலத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். பின்னால் 2 மி.மீ. குறைந்தாலும் இப்படித்தான் பிடிக்கும்.

கதவு வில் மாதிரி வளைந்துவிட்டதே?

ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டியிருப்பீர்கள். உள்பக்கமும் ஒட்ட வேண்டும்.

சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மறைக்கலாமா?

மறைக்கலாம், அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையோடு தேங்கும். கதவின் அடியிலும் மேலேயும் காற்றோட்டத் துளைகள் கட்டாயம். ரெகுலேட்டரைச் சட்டென்று மூடக் கை எட்டவும் வேண்டும். இதில் அழகுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேடை உயரம் எவ்வளவு வைப்பது? அம்மா குள்ளம்.

வழக்கமான 34 அங்குலத்தை விடுங்கள். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அம்மாவைக் காய் நறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற உயரத்தில் கிரானைட் கனத்தையும், பெட்டிக்குக் கால் வைத்தால் அதன் உயரத்தையும் கழித்துவிட்டுப் பலகை அறுங்கள்.