வாங்கும் முன் கேளுங்கள்: 64 கேபியா, 4 கேபியா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 12 கணினிகள். இரவு பேக்கப்புக்காக விண்டோஸ் சர்வரில் 20 டிபி டிஸ்க் போட்டு, ஒரே தரவைப் பலமுறை சேமிக்காமல் தவிர்க்கும் டிடூப் வசதியையும் இயக்கப் போகிறோம். ஃபார்மட் செய்யும்போது 'அலொகேஷன் யூனிட் சைஸ்' என்று கேட்கிறது. 'அதைத் தொடாதீர்கள்' என்கிறார் கடைக்காரர். தொடலாமா?
- கோவை வாசகர்

பதில்: தாராளமாகத் தொடுங்கள். 64 கேபியைத் தேர்ந்தெடுங்கள்.

அலொகேஷன் யூனிட்டின் இன்னொரு பெயர் கிளஸ்டர். கோப்புகளுக்கு இடம் அளந்து கொடுக்கும் படி அது. 4 கேபி ஆழாக்கு என்றால் 64 கேபி மரக்கால். பேக்கப் கோப்பு ஒவ்வொன்றும் பல ஜிபி இருக்கும். மூட்டை நெல்லை ஆழாக்கால் அளப்பானேன்? விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ், ஒரு வால்யூமில் (ஒன்றாக ஃபார்மட் செய்த பகுதியில்) ஏறக்குறைய 429 கோடி கிளஸ்டர்களுக்கு மேல் எண்ணாது. 4 கேபி என்றால் 16 டிபியோடு கணக்கு முடிந்தது. உங்கள் டிஸ்க்குக்கு விண்டோஸ் தானாகவே 8 கேபி வைக்கும். அதன் எல்லை 32 டிபி. நாளை இன்னொரு டிஸ்க் சேர்த்து 40 டிபி ஆக்க நினைத்தால் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். 64 கேபிக்கு எல்லை 256 டிபி.

இடம் வீணாகுமோ என்ற பயம் வேண்டாம். விண்டோஸ் டிடூப் கோப்புகளை 32 முதல் 128 கேபி வரையிலான துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரியானவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய கோப்புகளுக்குள் நெருக்கி அடுக்குகிறது. துண்டுக்கு ஒரு கிளஸ்டர் என்று அது பிரித்து வைப்பதில்லை. 32 கேபிக்குக் குறைந்த கோப்புகளை அது சீண்டுவதே இல்லை.

ஃபார்மட் கட்டளையில் '/எல்' (/L) என்ற சுவிட்சையும் சேருங்கள். பெரிய கோப்புகள் சிதறச் சிதற, எந்தத் துணுக்கு எங்கே என்ற குறிப்பு வளர்ந்துகொண்டே போகும். அதற்கு இடம் போதாமல் ஒருநாள் பேக்கப் பாதியில் நின்றுவிடும். அந்தச் சுவிட்ச் குறிப்பேட்டின் பக்கத்தைப் பெரிதாக்குகிறது. பேக்கப் மென்பொருளில் என்கிரிப்ஷனையும் (பூட்டுவது) கம்ப்ரஷனையும் (சுருக்குவது) அணைத்து வையுங்கள். கலைத்துப் பூட்டிய கோப்பில் ஒரே மாதிரித் துண்டு எங்கிருந்து கிடைக்கும்?

கேள்வி: எங்கள் பள்ளி அலுவலகத்தின் ரசீதுக் கோப்புகள் 9 லட்சம். மொத்தம் 3 ஜிபி. கடையிலேயே ஃபார்மட் செய்து கொடுத்த டிஸ்க்கில் நகலெடுத்தால் 110 ஜிபி பிடிக்கிறது. வைரஸா?
- விருதுநகர் வாசகர்

பதில்: வைரஸ் இல்லை, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறை. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு விண்டோஸ் எக்ஸ்ஃபேட் போட்டால் கிளஸ்டர் 128 கேபி. 3 கேபி ரசீதும் 128 கேபி இடத்தில் தனிக்குடித்தனம் நடத்தும். ஒன்பது லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 110 ஜிபி வந்துவிடும். என்டிஎஃப்எஸ், 4 கேபி என்று மாற்றி ஃபார்மட் செய்யுங்கள். 5 ஜிபி அளவில் அடங்கும். மேலே கோவைக்காரருக்கு 64 சொன்னவன் உங்களுக்கு 4 சொல்கிறேன் என்று கடிதம் எழுதாதீர்கள். சரக்கைப் பார்த்துத்தான் படி.

கேள்வி: லினக்ஸில் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். டிஸ்க்கில் இருப்பது லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4. அதன் பிளாக் (கிளஸ்டர் போன்றது) அளவை மாற்றவா?
- பெயர் இல்லை

பதில்: வேண்டாம். ரெஸ்டிக் துண்டுகளை ஏறத்தாழ 16 எம்பி பொட்டலங்களாகக் கட்டித்தான் எழுதுகிறது. 4 கேபியே போதும்.

கேள்வி: '10 டிபி டிஸ்க்கில் டிடூப் மூலம் 50 டிபி சேமிக்கலாம்' என்று ஒரு நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) விற்கிறார்கள். எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களும் வீடியோக்களும்தான். வாங்கலாமா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: இந்த 'ஐந்து மடங்கு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். காரணம், நானே ஏமாந்திருக்கிறேன். 16 ஜிபி ரேம் உள்ள பழைய சர்வர் ஒன்றை வாங்கி, டிடூப் வசதியுள்ள இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் போட்டு, குடும்பப் படங்கள் 8 டிபிக்கும் டிடூப்பை இயக்கினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் திரையில் 1.02 மடங்கு. நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் மிச்சம்! பழைய ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைத்த பிரதி) ஒன்றை அழிக்கப்போய், விடியும்வரை பெட்டி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

ஜேபெக் படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. இரண்டு கல்யாணங்களில் ஒரே மாப்பிள்ளை நின்றாலும் துண்டு ஒத்துப்போகாது. மடங்கு கிடைப்பது தினமும் முழு பேக்கப் எடுக்கும் இடத்திலும், ஒரே விண்டோஸை நாற்பது மெய்நிகர் கணினிகளில் நிறுவிய இடத்திலும்தான். விளம்பரக்காரர் அந்தக் கணக்கைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறார்.

ரேம் செலவையும் அவர் சொல்லமாட்டார். இசட்எஃப்எஸ் டிடூப் ஒவ்வொரு பிளாக்குக்கும் சுமார் 320 பைட் குறிப்பு வைத்துக்கொள்ளும். 64 கேபி பிளாக் என்றால் ஒரு டிபிக்கு 1.68 கோடி பிளாக்குகள், 5 ஜிபி ரேம். பிளாக்கை 4 கேபிக்குச் சிறிதாக்கினால் பொருத்தம் கூடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள்; அப்போது குறிப்பு பதினாறு மடங்காகி 80 ஜிபி ஆகும். அந்தக் காசுக்கு இரண்டு பெரிய டிஸ்க்குகளை வாங்கி, ஒன்றை ஸ்டுடியோவிலும் மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள்.

கேள்வி: 64 கேபி போட்ட பிறகும் புது டிஸ்க்கில் எழுதுவது ஆமை வேகம். முதல் 100 ஜிபி மட்டும் வேகம்.
- சேலம் வாசகர்

பதில்: தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இருக்கும். இதைக் கிளஸ்டர் குணப்படுத்தாது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் இந்த வகைதான் என்று பயனர்களின் கூச்சலுக்குப் பிறகே ஒப்புக்கொண்டது. மாடல் எண்ணைத் தேடி, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: 'புதியது' என்று இணையத்தில் வாங்கிய 8 டிபி டிஸ்க், ஏற்கெனவே 21,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது. விற்பனையாளர் பதில் சொல்வதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் ஐயா.
- திருநெல்வேலி வாசகி

பதில்: அம்மா, இது உங்கள் தவறு அல்ல, பழையதைத் துடைத்து விற்றிருக்கிறார்கள். 21,000 மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாத ஓட்டம். அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க்கின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, உத்தரவாதம் எப்போது முடிகிறது என்பதையும் படம் எடுங்கள். பில், விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து விற்பனைத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. டிஸ்க்கை மட்டும் மறுபடி ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு எழுதுங்கள், பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினேன். 4 கேபியில் ஃபார்மட் ஆகி, டிஸ்க் நிறைந்துவிட்டது. வேறு நகல் இல்லை. அழிக்காமல் 64 ஆக்க மென்பொருள் உண்டா?
- சென்னை வாசகர்

பதில்: உண்டு. நீங்கள் தொடாதீர்கள்.