1850-களின் இரவு விருந்துப் பூவளையத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா?

நாடகத்துக்காக, 1850-களில் ஐரோப்பியச் சீமாட்டிகள் இரவு விருந்துக்குச் சூடிய பூவளையத்தைச் செய்ய வழி கேட்டிருந்தீர்கள். நான் ஒரு கல்லூரி நாடகத்துக்கு இரண்டு செய்தேன். முதலாவது சுத்த சொதப்பல்.

சரம் கட்டிப் பழகிய கை அல்லவா, சுற்றிலும் ஒரே சீராக நெருக்கிக் கட்டிவிட்டேன். வைத்துப் பார்த்தால் இந்தக் காலத்து கல்யாண ரிசப்ஷன் பூக்கிரீடம்! அப்புறம்தான் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியைத் தோழியர் சூழ வின்டர்ஹால்டர் 1855-இல் வரைந்த ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவகிடு, படிய வாரிய முடி, பிடரியில் கொண்டை. ஆகவே உச்சியில் பூவைக் குவிக்காதீர்கள். அங்கே மெல்லிய இலைகள் போதும். பெரிய பூக்கள் காதுக்குப் பின்னால் வரட்டும்; ஒன்றிரண்டு கொடிகள் கழுத்துப் பக்கம் தொங்கினால் இன்னும் அழகு.

நூல் சுற்றிய கம்பியை, கொண்டை போட்டு முடித்த தலையில் வைத்து அளவெடுங்கள். இரு முனைகளையும் சிறு வளையமாக மடக்கினால் ஹேர்பின் செருகலாம். நான் மடக்கவில்லை. ஒத்திகையில் கதாநாயகி குனிந்து வணங்கியபோது பூவளையம் மூக்குக்கு வந்துவிட்டது.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பூ மேடை விளக்கில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்தில் மஸ்லின், பட்டு, வெல்வெட் துணிகளில் இதழ் வெட்டி, உருண்டை முனையுள்ள இரும்பைச் சூடாக்கி அழுத்திக் குழிவு கொடுத்தார்கள். நான் பழைய மல் துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டுக் காயவைத்து வெட்டினேன். ஸ்பூனைச் சூடாக்கி அதன் முதுகால், மடித்த துண்டின்மேல் வைத்து அழுத்தினால் இதழ் அழகாகக் குழிகிறது. ஒரு ரோஜாவுக்கு அரை மணி நேரம் போய்விடும், பொறுமை வேண்டும். கம்பியைப் பச்சை ரிப்பனால் சுற்றி, இதழ்களை நூலால் இறுக்குங்கள். பசை வேண்டாம், கறை தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து அசல் துணிப்பூ எங்காவது கிடைத்தால் பிரித்து இதில் சேர்க்காதீர்கள். அன்றைய பளிச்சென்ற பச்சையில் ஆர்சனிக் இருந்தது. அந்தப் பச்சைத் தூளைச் செயற்கைப் பூக்களுக்குப் பூசும் வேலையில் இருந்த மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் 1861-இல் லண்டனில் இறந்துபோனாள். மறு ஆண்டே வேதியியலாளர் ஹோஃப்மன், ஒரு தலையலங்காரத்தில் இருபது பேரைக் கொல்லும் அளவு ஆர்சனிக் இருப்பதாக எழுதினார். நம் இலைகளுக்குச் சாதாரணத் துணிச்சாயமே போதும். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மேடையில் தெரியாது.