படத்துக்குக் கீழே நாலு வரி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களைப் போல ரிட்டயர் ஆனவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய மன்றம் ஒன்றுக்குச் செயலாளராக இருக்கிறேன். சாயங்காலம் கேரம், பேப்பர் படிப்பது, மாதம் ஒரு கூட்டம், வருடம் ஒரு கோயில் சுற்றுலா, நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க முடியாதவர்களுக்கு உதவி, டிசம்பர் 17 பென்ஷனர் தினம். இவ்வளவுதான் எங்கள் நடவடிக்கை.

மன்றத்துக்கு இது 25ஆவது வருடம். இதுவரை மறைந்த உறுப்பினர்களுக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறோம். ஆளுக்கு அரைப் பக்கம்: படம், பெயர், பதவி, தேதிகள், கீழே நாலு வரி. படங்களைப் பதவி வரிசையில் வைப்பதா, மறைந்த தேதி வரிசையில் வைப்பதா என்று கமிட்டியில் பெரிய சண்டை. அந்த நாலு வரியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து நிற்கிறது. 1974 ரயில்வே ஸ்டிரைக் பற்றி யாரும் எதுவும் எழுதக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம், போய்ச் சேர்ந்தவர்கள் விஷயத்தில் பழைய கசப்பு வேண்டாமே என்று. சிலர் கவிதை தருகிறார்கள், போடலாமா? எங்களில் மூத்தவருக்கு 91 வயது. நீராவி எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேனாக இருந்து டிரைவராக ரிட்டயர் ஆனவர், இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அவரிடம் மலர் பற்றிச் சொன்னபோது, "எதுக்குய்யா இதெல்லாம், யாரு படிக்கப் போறா?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பார்களா? நீங்கள் ஒரு முன்னுரை தந்தால் மலருக்குப் பெருமை.

– மன்றச் செயலாளர், பொன்மலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச காலமாகவே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த விஷயத்தில் வந்து கை வைத்துவிட்டீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். படங்களை மறைந்த தேதி வரிசையில் வையுங்கள். கிரேடு, ஸ்கேல் எல்லாம் ரிட்டயர் ஆன அன்றைக்கே ஒர்க்ஷாப் கேட்டோடு முடிந்துபோனவை. இதற்காகக் கமிட்டி சண்டை போட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கவிதை வேண்டாம். பிள்ளைகள் படிப்பார்களா என்ற கேள்வியை அப்புறம் பார்ப்போம். நாலு வரியும் ஒரே மாதிரி வருகிறது என்றீர்களே, அதைத்தான் நான் பேச வேண்டும்.

என் பெரியப்பா ஒரு பழைய பட்டறையில் பாய்லர் வேலை பார்த்தவர். ஊரும் பட்டறையும் இங்கே முக்கியமில்லை. நீராவி எஞ்சின் பாய்லருக்கு ரிவெட் அடிக்கும் வேலை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகுவார்கள். உள்ளே ஒருவர் அதன் தலையைக் கட்டையிரும்பால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே இன்னொருவர் அடிப்பார். வயதில் சின்னவர், ஒல்லியானவர் என்று பெரியப்பாவை உள்ளே அனுப்பினார்கள். நாலு பக்கமும் இரும்பு, நடுவில் ஆள். அடி ஒவ்வொன்றும் காதுக்குள் இறங்கும். நாற்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டது.

வீட்டில் அவர் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும். குழந்தைகளான எங்களுக்கு அவர் எப்போதும் கோபமாக இருப்பதாகவே தோன்றும். அவரைக் கூப்பிட வேண்டும் என்றால் பெரியம்மா சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பார். விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டினால் சாப்பாடு, மூன்று தடவை என்றால் யாரோ வந்திருக்கிறார்கள். வெளியாட்கள் மத்தியில் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாத வெட்கத்தில் வாயையே திறக்க மாட்டார்.

அவர் இறந்தபோது அந்த ஊர் ஓய்வூதியர் சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தலைவர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். "அமைதியே உருவானவர். யாரிடமும் அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு." வாசித்தவர் நல்ல மனிதர், உண்மையிலேயே கண் கலங்கித்தான் வாசித்தார். முன் வரிசையில் பெரியம்மா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் என்னிடம் கேட்டார்: "அவருக்குக் காது கேக்காதுன்னு அங்க ஒருத்தருக்குமாடா தெரியாது?"

எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை ஆறவில்லை. எத்தனையோ வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அவர் இழந்ததைக் குணமாக மாற்றிப் பாராட்டிவிட்டு எழுந்து காபி குடிக்கப் போனார்கள். உங்கள் நாலு வரியில் நடப்பதும் இதேதான். இனிமையானவர், கடமை தவறாதவர், அனைவரிடமும் அன்பாகப் பழகியவர். படத்தை மாற்றி ஒட்டினாலும் இந்த வரிகள் பொருந்தும் என்றால் அதை ஏன் அச்சடிக்கிறீர்கள்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில் நட்டது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான் என்று எழுதியிருக்கிறது. அவன் காலடியில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கும் பெயர் உண்டு, கோவிவன். கள்ளரைக் கடித்து, எசமானுக்குப் பக்கத்திலேயே காத்துக் கிடந்தது என்று அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எந்த அரசனின் எந்த ஆண்டு, யார், எதைக் காக்க, என்ன செய்தான், கூட யார் இருந்தது. கல்லில் உளியால் வெட்ட வேண்டிய காலத்தில் இவ்வளவு சொன்னார்கள். அந்த மனிதன் இனிமையானவனா என்று அந்தக் கல் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் அவனையும் அந்த நாயையும் நமக்குத் தெரியும். நம்மிடம் காகிதம் இருக்கிறது, ஃபோன் இருக்கிறது, கூட வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். நாம் எழுதுவது "அன்பாகப் பழகியவர்".

அவர் செய்த வேலையை எழுதுங்கள் என்கிறேன். பதவியின் பெயர் போதாது. கீமேன் என்று போட்டுவிட்டு நகராதீர்கள். கையில் சுத்தியலோடு தன் எல்லைக்குள் இருக்கும் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவி என்ற இரும்புத் துண்டு தளர்ந்திருந்தால் அடித்து இறுக்கியவர் அவர். மழை நாளில் பாதையின் எந்த மண்கரை இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளத்தில் நடந்த 1956 நவம்பர் 23 அரியலூர் ரயில் விபத்து என்றதும் நமக்கு நினைவு வருவது ராஜினாமா செய்த அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. வர வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ ஐப்பசி கார்த்திகையில் நனைந்துகொண்டே பாலத்தடியில் தண்ணீர் மட்டம் பார்த்து நின்றவர்களால்தான் நாம் ரயிலில் தூங்கிக்கொண்டு போனோம். 1964 புயலில் பாம்பன் பாலம் சிதைந்தது. 46 நாளில் அதைத் திரும்ப நிறுத்தியது பற்றிப் பேசும்போதெல்லாம் பொறியாளர் ஸ்ரீதரன் பெயரைச் சொல்கிறோம். அவர் அந்தப் புகழுக்குத் தகுதியானவர்தான். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி வந்து தூண்களின் மேல் ஏற்றிய ஆட்களில் ஒருவரின் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது. உங்கள் மன்றம் போன்ற இடங்களில்தான் அந்தப் பெயர்கள் இருந்திருக்க வேண்டும்.

பொன்மலைக்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1928ல் நாகப்பட்டினத்திலிருந்து பட்டறை இங்கே வந்தபோது அதோடு குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருப்பார்கள். கடல் காற்றை விட்டு இந்தப் பொட்டல் வெயிலுக்கு வந்த கதையைத் தாத்தா சொல்லக் கேட்டவர்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம்?

இனி அந்தத் தீர்மானம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அது.

1974 மே 8லிருந்து 27 வரை நடந்தது அந்த வேலைநிறுத்தம். பல ஆயிரம் பேர் கைது. நாட்டின் பல ரயில்வே காலனிகளில் வேலைக்கு வராதவர்களின் குடும்பத்தைக் குவார்ட்டர்ஸிலிருந்து சாமானோடு வெளியே தள்ளினார்கள். பலருக்கு வேலை போனது, வேலை தப்பியவர்களுக்குச் சர்வீஸ் முறிந்தது, அதாவது பழைய சேவைக் காலம் கணக்கில் சேராமல் போனது. வேலை போனவர்களில் பலர் 1977ல் ஆட்சி மாறிய பிறகுதான் திரும்ப உள்ளே வந்தார்கள். இடைப்பட்ட மூன்று வருடம் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது? இன்னொரு பக்கம், வேலைக்குப் போனவர்களுக்கு விசுவாச ஊழியர் என்று சலுகைகள் கிடைத்தன. கூடவே கருங்காலி என்ற பெயரும் கிடைத்தது. அது அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வரை துரத்தியது.

இதையெல்லாம் வெட்டிவிட்டு நீங்கள் யாரை நினைவுகூரப் போகிறீர்கள்? 1946 செப்டம்பர் 5 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஐந்து தொழிலாளர்களுக்கு வருடா வருடம் சங்கத் திடலில் அஞ்சலி செலுத்துகிற ஊர் உங்கள் ஊர். அதைப் பேசினால் கசப்பு வராது, 74ஐப் பேசினால் வரும் என்றால், அதற்குக் காரணம் இரண்டு தரப்பும் இன்னும் உங்களுக்குள்ளேயே இருப்பதுதான். ஸ்டிரைக்குக்குப் போனவரும் போகாதவரும் ஒரே கேரம் போர்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மன்றம் இந்த 25 வருடத்தில் செய்த ஆகப் பெரிய காரியம் இது. சுற்றுலாவும் பென்ஷனர் தினமும் எந்த ஊர் மன்றமும் செய்யும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்த இரண்டு பேர் எந்த நாளில், யார் முதலில் பேசி, எப்படி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்? லைஃப் சர்டிபிகேட் வரிசையில் ஒருவர் மற்றவருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தாரா? மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாரா? நீங்கள் ஸ்டிரைக்கை நீக்கினால் அந்தச் சமாதானமும் சேர்ந்து போய்விடுகிறது.

யாரையும் குற்றம் சாட்டி எழுதச் சொல்லவில்லை. போனவர் ஏன் போனார், போகாதவர் ஏன் போகவில்லை என்று அவரவர் குடும்பத்தைக் கேளுங்கள். வீட்டில் யாராவது சாகக் கிடந்திருக்கலாம், தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கலாம், வெறும் பயமாகவும் இருந்திருக்கலாம். பயந்தார் என்றே எழுதலாம், ஐயா. சோறு போட வேண்டிய மனிதன் பயந்ததில் அவமானம் என்ன இருக்கிறது? ஸ்டிரைக்கில் கேட்ட போனஸ் 1979ல் வந்தபோது இரண்டு தரப்பும்தானே கையெழுத்துப் போட்டு வாங்கியது? அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள்.

இன்னொன்று. பட்டியல் முழுக்க ஆண்கள். ஃபேமிலி பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் உங்கள் மன்றத்துக்கு எப்போது வருகிறார்கள்? பேங்க் சிக்கல் என்றால் மட்டும்தானே? அந்த மனிதர்களைப் பற்றி உண்மையாக நாலு வரி தெரிந்தவர்கள் அவர்கள்தான். நைட் ஷிப்டுக்குத் தூக்குச்சட்டி கட்டியவர்கள், எண்ணெய்க் கறை போகாத காக்கியைக் கல்லில் அடித்துத் துவைத்தவர்கள். கமிட்டி ஆட்கள் உட்கார்ந்து எழுதிய வரிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் "ரொம்ப நல்லவர்" என்றுதான் சொல்வார்கள். அது முடியும்வரை காத்திருங்கள்.

முன்னுரை நான் தர மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் பக்கத்துக்கு உரியவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். 91 வயதுக்காரர் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை என்றுதான் எனக்கு அது கேட்கிறது. இந்த வாரமே போங்கள். சேவை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார். முதல் நாள் கரி அள்ளிப் போட்டபோது கை எப்படி இருந்தது, ஈரக் கரி வந்தால் ஸ்டீம் எப்படி ஏற்றினார், பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் இறங்கும்போது டிரைவர் முகம் எப்படி இருக்கும், எந்த ஏற்றத்தில் பயந்தார், யாரிடம் திட்டு வாங்கினார், 74ல் எங்கே இருந்தார், இதையெல்லாம் கேளுங்கள். நெருப்பு மூட்டத் தெரிந்த அந்தத் தலைமுறையில் இனி ஆள் கிடையாது.

காலை நேரம் நல்லது, மத்தியானம் களைத்துவிடுவார். ஃபோனில் பதிவு செய்ய ஒரு பேரனையோ பேத்தியையோ கூட்டிப் போங்கள். பிள்ளைகள் படிப்பார்களா என்று அப்புறம் என்னைக் கேட்கத் தேவையிருக்காது. அவருடைய மகள் யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அப்பா மறந்த பெயரை எடுத்துக் கொடுப்பார். அவர் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பென்ஷனர் தினத்துக்குள் மலர் வந்தாக வேண்டும் என்ற அவசரத்தை விடுங்கள், பிரஸ்காரரிடம் பொங்கலுக்குப் பிறகு என்று சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தபால் செலவை நான் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்